நோட்டில் நான்கு நல்ல நாட்கள்

“நூத்தித் தொண்ணூறு” என்று படித்தாள் மருமகள்.

மாமியார் ஊதலைக் கீழே வைத்தார். மூன்று முறை ஊத வேண்டும். மூன்றில் பெரியதை எழுத வேண்டும். இதுதான் பெரியது. மற்ற இரண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஊதல் என்பது அந்த வீட்டில் அதற்கு வைத்த பெயர். நுரையீரல் டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் குழாய் அது. ஒரே மூச்சில் பலமாக ஊதினால், மேலே இருக்கும் சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் போய் நிற்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நாற்பது நாட்களாக மருமகள் அதைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறாள். அவளுக்கு வேலையே அதுதான். வீடு வீடாகப் படியேறி மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறிப்பவள். “வெளியிலயும் ரீடிங், வீட்டுலயும் ரீடிங்” என்று மாமியார் ஆரம்பத்தில் கிண்டல் செய்ததுண்டு. இப்போதெல்லாம் கிண்டலுக்கு மூச்சு மிச்சமிருப்பதில்லை.

மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு மாமியார் திரும்பி வந்து இன்றோடு ஆறு நாள். அங்கிருந்து ஃபோனில் சொல்லச் சொல்ல இவள் எழுதிய எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. கடைசி நாள் இருநூற்றுத் தொண்ணூறு. மொட்டைமாடிக்கு ஏறித் துணி உலர்த்தினாராம். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய இழுப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகும் பழைய நடை.

அதற்கு நாத்தனார் ஃபோனில் சொன்ன வார்த்தை மருமகளின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

“எங்க வீட்டுல அம்மா நல்லா மூச்சு விட்டாங்க அண்ணி. உங்க வீட்டுலதான் அடைக்குது. என்ன பண்றீங்கன்னு நீங்கதான் யோசிச்சுப் பாக்கணும்.”

நாத்தனாருக்கு முப்பத்தைந்து வயது. பிறந்த வீட்டுக்கு இன்னும் ‘பாப்பா’. பாப்பா ஒன்று சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மறுத்திருக்க வேண்டியவர் மாமியார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவருக்கும் கேட்டது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. பாப்பா சொன்னதைவிட அதுதான் மருமகளுக்கு வலித்தது.

கணவன் லாரியோடு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். அவனிடம் சொன்னதற்கு, அவ அப்படித்தான் பேசுவா, விடு என்றான். எதையும் விட்டுவிடுவதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

இன்று டாக்டரிடம் போக வேண்டிய நாள். மருமகள் காலைக்கு மட்டும் விடுப்பு சொல்லியிருந்தாள்.

பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்தார். கையில் வெந்நீர் டம்ளர். மனைவிக்கு எதிரே அமர்ந்து, ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். கட்டில், நாற்காலி, அலமாரிகளுக்குப் பாலிஷ் போடுபவர். தொழிலில் அவரைப் ‘பளபளா’ என்பார்கள். அவர் தேய்த்த மேசையில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

முன்பு மரக்கடைக்குப் பக்கத்தில் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமியார் நிமோனியாவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே மாமனார் பட்டறையைக் காலி செய்துவிட்டு, பின்னறையில் வேலையை வைத்துக்கொண்டார். அவளை ஒத்தையில விட்டுட்டு நான் அங்க உக்காந்து எதைத் தேய்க்கறது என்று கேட்டார். வீடே நெகிழ்ந்துபோனது. ஆறேழு மாதம் கழித்து மாமியாருக்கு மெல்ல மெல்ல மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, நிமோனியா விட்டுப்போன மிச்சம் என்றார்கள். பிறகு வயசு என்றார்கள். பிறகு உடம்பு பெருத்துவிட்டது என்றார்கள்.

நானும் வரட்டுமா என்று மாமனார் கேட்டார். நாலு கதவு அலமாரி நாளைக்கு அனுப்ப வேண்டும், கடைசிக் கோட் பூச்சை முடியுங்கள் என்று மாமியார் தடுத்துவிட்டார். சரியென்று எழுந்தவர், போகும்போது ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். தெருப்புழுதி ஈரமான பாலிஷில் ஒட்டினால் மறுபடி உப்புத்தாள் போட்டு முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

மருமகள் ஜன்னல்களைச் சாத்தினாள். தினமும் செய்வதுதான்.

டாக்டரின் அறைக்கு வெளியே பதினான்காம் நம்பர். உள்ளே ஆறாவது போயிருந்தது. நாத்தனார் அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். தாயும் மகளும் தாழ்ந்த குரலில் பேச, மருமகள் பொழுது போகாமல் நோட்டைப் புரட்டினாள்.

பதினொரு வருடமாக எண்களைப் பார்த்துப் பழகிய கண். ஒரு வீட்டு மீட்டரில் யூனிட் குறைந்திருந்தால், அவர்கள் ஊரில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரி இந்த நோட்டிலும் ஓரிடத்தில் கண் நின்றது.

இரண்டாவது வாரம். நூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்த நாள் இருநூற்றுப் பத்து. அடுத்து இருநூற்று முப்பது. இருநூற்று நாற்பத்தைந்து. இருநூற்றைம்பது. அதன் பிறகு சடசடவென்று இறங்கி மறுபடி நூற்றுத் தொண்ணூறு.

நான்கு நல்ல நாட்கள். மருந்து வேலை செய்கிறது என்று அப்போது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் மருந்தை அதன் பிறகு யாரும் நிறுத்தவில்லையே. மூச்சில் இழுக்கும் அதே பஃப், அதே மாத்திரைதானே.

அந்த நாலு நாள் என்ன நடந்தது என்று யோசித்தாள். அந்த வாரம் அவளுக்குச் சொந்தத் தெருவிலேயே ரீடிங். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். மாமியாரும் அவளும் மட்டும்தான். ஜன்னல்கள் திறந்திருந்தன. பின்னறை பூட்டிக் கிடந்தது. மாமனார் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடியில் கதவுகளுக்குப் பாலிஷ் போடப் போயிருந்தார்.

நான்கு நாள் வேலை அது.

மருமகள் நோட்டை மூடினாள். மறுபடி திறந்து தேதியைச் சரிபார்த்தாள். தப்பில்லை. அவள் குறித்த எண்களில் தப்பு வந்ததாக அலுவலகத்திலும் இதுவரை ஒரு புகார் கிடையாது.

உள்ளே டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் பார்த்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. மகள் வீட்டுப் பத்து நாளைப் பேனாவால் வட்டமிட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, என்ன அடுப்பு, சுவரில் ஈரம் உண்டா, கொசுவர்த்தி ஏற்றுவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். சிகரெட் யாருக்கும் இல்லை. அடுப்பு கேஸ். சுவர் காய்ந்துதான் இருக்கிறது.

நாத்தனார் இடையில் புகுந்தாள். சமையல் புகைதான் காரணம், அண்ணி ஒரு ஜன்னலையும் திறந்து வைக்க மாட்டார்கள், வீடு எப்போதும் பெட்டி மாதிரி மூடியே கிடக்கும் என்றாள். யார் சாத்தச் சொல்வது என்று அவளுக்கு மறந்தே போய்விட்டது போலிருக்கிறது.

புகையும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு ஏற்ற இறக்கம் அதனால் வராது என்றார் டாக்டர். பிறகு மருமகளைப் பார்த்தார்.

“வீட்டுக்குள்ள ஏதாவது வேலை நடக்குதாம்மா? பெயிண்ட், பசை, ஸ்ப்ரே, அந்த மாதிரி?”

மருமகள் வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே மாமியாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நூற்றுத் தொண்ணூறு ஊதுகிறவரின் பிடி மாதிரி இல்லை.

“அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றார் மாமியார்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, காரணம் வீட்டுக் காற்றில்தான் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பாமல் மருந்தைக் கூட்டிப் பயனில்லை என்றார். இப்போதே விலகினால் நுரையீரல் ஓரளவு மீளும், முழுசாக மீளும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எழுந்திருக்கும்போது மெதுவாக ஒன்று சொன்னார். “இப்படியே விட்டா ஒரு நாள் எந்த பஃப்புக்கும் கேக்காதும்மா. அன்னைக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வர நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிப் போவாள். இனி திருப்பி அனுப்புவதாக இல்லை. அப்பா வேண்டுமானால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அண்ணியிடம் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பது போல வண்டி பிடித்து அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

வீடு இரண்டாவது மாடியில். முதல் மாடித் திருப்பத்தில் மாமியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மருமகள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். இழுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“நோட்டுல பாத்துட்ட இல்ல?” என்றார் மாமியார்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க உக்காந்து ஒரே பக்கத்தையே பாத்துட்டு இருந்த. கதவு வேலைக்குப் போன நாலு நாள்தான?”

“உங்களுக்கு எப்பத் தெரியும் அத்தை?”

“அந்த நாலு நாள்லயே. மூணு தலகாணி வச்சு உக்காந்த மாதிரி படுக்கறவ, மூணாம் நாள் ஒரே தலகாணில படுத்துத் தூங்கினேன். அவரு திரும்பி வந்து பாலிஷ் டப்பாவைத் திறந்தாரு. நெஞ்சு பூட்டிக்கிச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”



“சொன்னா அந்த நிமிஷமே மூடிடுவாரு. அது எனக்குத் தெரியும். ஆனா என்னப் பாத்துக்கணும்னுதான் அவரு பட்டறையை விட்டாரு. அவரு பக்கத்துல வந்து பாத்துக்கிட்டதுதான் என்னை இப்படி ஆக்கிடுச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

 மருமகளுக்குள் வேறொன்று கிடந்து உறுத்தியது.

“பாப்பா என்னைச் சொன்னப்ப நீங்க பேசாம இருந்தீங்க.”

“இருந்தேன்.”

“இன்னைக்கும் இருந்தீங்க.”

“நீ தாங்கிப்பம்மா. அவரு தாங்க மாட்டாரு.”

“நான் தாங்கிப்பேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட முதுகு நிமிர வேண்டும்; அவளுக்கு அதற்கும் தெம்பில்லை. மாமியார் அவள் தலையைத் தொடக் கையை நீட்டினார். எட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவரிடம் சொல்லாதே என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு போய்விடுவதாகவும், அங்கேயே இருந்துகொள்வதாகவும், பேரப்பிள்ளையோடு இருக்க ஆசை என்று அவரிடம் காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முப்பத்தெட்டு வருடம் ஒன்றாக இருந்தவரை விட்டுவிட்டா என்று மருமகள் கேட்டாள். மாமியார் கம்பியைப் பிடித்து எழுந்து அடுத்த படியில் கால் வைத்தார். மருமகள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் வேலைக்குப் போனாள். நாற்பத்திரண்டு வீடுகள் பாக்கி இருந்தன.

எத்தனையோ வருடமாக ஏறி இறங்கும் வீடுகள்தான். இன்று ஒவ்வொரு வாசலிலும் அவளுக்குக் காற்றுதான் முதலில் தெரிந்தது. ஒரு வீட்டில் சுவரில் மாட்டிய டப்பா நிமிடத்துக்கொரு தடவை வாசனையைப் பீய்ச்சியது. ஒரு வீட்டில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது, அதையொட்டித் தொட்டில். இன்னொரு வீட்டில் சமையலறையின் புகைபோக்கித் துளையை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள், புறா வருகிறதாம். அந்த வீட்டுப் பெண் இருமிக்கொண்டே கதவைத் திறந்தாள். சளி, வருஷம் பூரா இருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தின வீட்டில் ஒரு பெண்மணி மீட்டர்ப் பெட்டியைத் திறந்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க மேல வார்னிஷ் வாசம் வருது. வீட்டுல வேலை நடக்குதா?”

மருமகள் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை மூக்கோடு அழுத்தி இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை.

படியிறங்கி வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றாள். காலையில் எழும்போதே ஒரு தலைவலி வரும். மூன்றாவது தெரு தாண்டியதும் போய்விடும். தூக்கம் போதவில்லை என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தாள். மற்ற வீடுகளின் காற்றையெல்லாம் கண்டுபிடித்த மூக்குக்குத் தன் வீட்டுக் காற்று மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. பின்னறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் அலமாரிக்குக் கடைசிக் கோட் ஸ்ப்ரே செய்துகொண்டிருந்தார். கூடத்து நாற்காலியில் மாமியார் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு வரவில்லை. விரலால் பஃப்பைக் காட்டினார்.

மருமகள் பஃப்பைக் குலுக்கிக் கொடுத்தாள். ஒன்று, இடைவெளி, இன்னொன்று. நாற்காலியோடு அவரை இழுத்து வாசலுக்கு வெளியே நடைவழியில் உட்கார வைத்தாள். கூடத்து ஜன்னல்களைத் திறந்தாள். கால் மணி நேரம் கழித்து ஊதச் சொன்னாள். நூற்று நாற்பது. நோட்டில் அவ்வளவு சிறிய எண் அதுவரை இல்லை.

அதை எழுதிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு பின்னறையை நோக்கி நடந்தாள். வேண்டாம் என்று மாமியார் தலையை ஆட்டியது தெரிந்தது. பார்க்காதது போலக் கதவைத் தட்டினாள்.

மாமனார் திறந்தார். மூக்கையும் வாயையும் மூடி, இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க். அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தார். கன்னத்தில் மாஸ்க் பதிந்த தடம். அவருக்குப் பின்னால் அலமாரியின் நான்கு கதவும் தண்ணீர் மாதிரி மின்னின.

“டாக்டர் என்னம்மா சொன்னாங்க?” என்றவர், நாற்காலி வெளியே இருப்பதைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

மருமகள் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

“மாமா, இந்த நாலு நாள் நீங்க எங்க இருந்தீங்க?”

அவர் நோட்டை எட்டப் பிடித்துத் தேதியைப் படித்தார். “கதவு வேலை. புது அடுக்குமாடில.”

“அதுக்கு அடுத்த நாள்?”

“இங்கதான். மேசைக்கு லேக்கர் அடிச்சேன்.” சொல்லிக்கொண்டே எண்களைப் பார்த்தார். ஏறிய எண்கள், இறங்கிய எண்கள். பக்கத்தைத் தானாகவே புரட்டினார். மகள் வீட்டுப் பத்து நாள், டாக்டரின் வட்டம். திரும்பி வந்த பிறகு. இன்று. மரத்தில் வெடிப்பு தேடுகிறவர் மாதிரி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். விரல் நூற்று நாற்பதில் நின்றது.



அவர் உள்ளே போய்க் கம்ப்ரசரை நிறுத்தினார். வீடு திடீரென்று அமைதியானது. பின்னறையின் இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்தார். தெருவிலிருந்து காற்று வந்தது. புழுதி வந்து ஈரமான கதவுகளில் உட்கார்ந்ததை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. தின்னர் கேன், லேக்கர் டப்பா, ஹார்டனர் என்று இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மருமகள் ஒன்றைத் தூக்கப் போனபோது, நீ தொடாதே என்றார்.

ஆறு தடவை ஏறி இறங்கினார். நடையில் மனைவியைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் தடவை மாமியார், “ஏங்க” என்றார். அவர் நிற்கவில்லை.

மருமகள் மாமியாரை உள்ளே ஜன்னலோரம் கொண்டுவந்து உட்கார வைத்தாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை.

“சொல்லிட்ட” என்றார்.

“காட்டினேன் அத்தை.”

கடைசித் தடவை இறங்கிப் போன மாமனார் திரும்பி வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மருமகள் கீழே போனாள்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தின் வெளி ஓரத்தில் டப்பாக்களை வரிசையாக அடுக்கிவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

“அவளுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். மாமியார் கேட்டுக்கொண்டதும் ஏறக்குறைய அதைத்தான். ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்காக ஒருவர் மூடி வைத்ததெல்லாம் போதும் என்றிருந்தது அவளுக்கு.

“தெரியும் மாமா. அந்த நாலு நாள்லயே தெரிஞ்சிருக்கு.”

அவர் தலையசைத்தார். கழுத்தில் தொங்கிய மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா இத நான் போட்டுக்கிட்டேன். கடைக்காரன் சொன்னான், இது இல்லாம அடிக்காதீங்கன்னு. என் நெஞ்சுக்கு ஆகாதது அவ நெஞ்சுக்கு எப்படி ஆகும்னு எனக்குத் தோணல பாரு. அவ கதவுக்கு வெளியதான இருக்கான்னு இருந்துட்டேன்.”

மருமகள் ஏதாவது சொல்ல நினைத்தாள். யாருக்கும்தான் தோன்றவில்லை, எண் எழுதிய எனக்கே நாற்பது நாள் ஆனது என்றாள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நாளை அலமாரி வராது என்று யாருக்கோ ஃபோன் செய்து சொன்னார். அடுத்து மரக்கடைக்காரருக்குப் போட்டு, பின்பக்கக் கொட்டகையில் ஓர் இடம் வேண்டும் என்றார். வேலைக்கா என்று எதிர்முனையில் கேட்டிருக்க வேண்டும். வேலைக்கும், படுக்கவும் என்றார் மாமனார்.

“மாமா, குளிச்சுட்டுத் துணிய மாத்தினா போதும். டாக்டரக் கேக்கலாம்.”

“தலமுடில இருக்கும். நகத்துல இருக்கும். நாப்பது வருஷமா ஊறினதும்மா. யோசிக்காம பக்கத்துல வந்தேன், அவளுக்கு இப்படி ஆச்சு. இப்ப யோசிச்சுத் தள்ளி இருக்கேன். அவ மூச்சு விடட்டும்.”

“பாப்பா ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னுருக்கா. அத்தையும் போறேன்னுருக்காங்க.”

“போக வேணாம். அது அவ வீடு. நான்தான் போகணும்.”

அவள் அவரைப் பார்த்தாள். அங்கே மனைவி கணவனிடம் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகப் பார்க்கிறார்; இங்கே கணவர் மனைவியிடம் சொல்லாமல் போகப் பார்க்கிறார். இருவருக்கும் நடுவில் படியேறி இறங்கி அவளுக்குக் கால் கடுத்தது. இன்றைக்கு எத்தனை படி ஏறினோம் என்று கணக்கு வைத்திருந்தால் நிறையவே வந்திருக்கும்.

மேல்சட்டை ஒன்றும் கண்ணாடிக் கூடும் மட்டும் எடுத்துவந்து கொடுக்கச் சொன்னார் மாமனார். அவள் படியை நோக்கித் திரும்பினாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு படி. இன்னொரு படி. பிறகு நின்றது. நின்ற இடத்திலிருந்து இழுப்புச் சத்தம் மெலிதாக இறங்கி வந்தது.

மாமனார் வாளியிலிருந்து எழுந்தார். படியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். சட்டென்று நின்று தன் கைகளைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். கிட்டே போகலாமா கூடாதா என்று தெரியாத மனிதர் மாதிரி அங்கேயே நின்றுவிட்டார்.

“ஓடும்மா. அவள அங்கேயே உக்கார வை. இறங்க வேணாம்னு சொல்லு.”

மருமகள் படிக்கட்டுக்குப் போவதற்குள் செருப்புச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. மேலே திரும்பிப் போகவில்லை. கீழேதான் வந்துகொண்டிருந்தது.